வெருகின் வழக்கு

கரிசல் கிராமங்களில் ஆண்டுதோறும் எழுந்து, தீர்ப்பின்றியே அடங்கிப்போகும் வழக்கொன்று உண்டு. கோழியைத் தூக்கிச் சென்ற காட்டுப்பூனையைக் கொல்லலாமா, கூடாதா என்பதே அது. புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இதன் விவரம் புதிதன்று. அந்திக் கருக்கலில், கூடு அடைக்கும் வேளையில், வேலியோரத்திலிருந்து ஒரு பாய்ச்சல். மறுகணம் முற்றத்தில் நாலைந்து இறகுகளே மிச்சம். கோழி வளர்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு முயற்சி. முட்டை விற்ற காசுதான் பிள்ளையின் நோட்டுக்கும் பெருநாள் வளையலுக்கும் ஆகிறது. ஆகவே, ஒரு கோழிதானே என்று தள்ளிவிடுவது, கோழியை இழக்காதவர் பேசும் பேச்சு. வீட்டார் ஒருவர் கண்ணி வைக்க வேண்டும் என்பார். மற்றொருவர் இறைச்சித் துண்டில் மருந்து தடவி வைத்தால் போதும் என்பார். திண்ணையில் இருக்கும் பெரியவர், “அது எலி தின்கிற பிராணி, விட்டுவிடுங்கள்” என்பார். பெரியவர் சொல் எடுபடும் வீடாக இருந்தால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும்.

பெரியவர் காட்டிய காரணம் உண்மைதானா, உண்மையாயினும் அது போதுமானதுதானா என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

உண்மைதானா என்றால், ஐயத்திற்கு இடமின்றி உண்மையே. இராஜஸ்தானத்தின் சரிஸ்கா காட்டில் சில விலங்கியலார், காட்டுப்பூனை முதலியவற்றின் கழிவுகளைச் சேகரித்து, அவற்றில் எஞ்சிய மயிரையும் பல்லையும் எலும்பையும் கொண்டு அவை உண்டது இன்னதென்று கண்டனர். அந்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை எலிகளைப் பிடித்துத் தின்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் என்றாகிறது. கம்பும் சோளமும் மக்காச்சோளமும் உளுந்தும் மானாவாரியாக விளையும் நிலத்தில், ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் உழவனுக்கு, வரப்பு வளைகளுக்குள் போகும் கதிரின் கணக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஒரு கோழி என்பது காட்டுப்பூனைக்கு நாம் கொடுக்கும் மிக மலிவான கூலி.

ஆயின், கூலி என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ஓர் உயிரைப் பயன் என்னும் தராசில் நிறுத்து வாழவிட்டால், அதே தராசில் நிறுத்து அதனைக் கொல்லவும் நாம் இசைந்தவர்கள் ஆகிறோம். எலிக்கு மலிவான மருந்து கடையில் கிடைக்கும் நாளில் காட்டுப்பூனையின் வழக்கு என்னாகும்? அந்த நாள் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அதனினும் கொடுமை, மருந்துண்டு தள்ளாடும் எலியே பிடிப்பதற்கு எளிதாகையால், முதலில் அதைத்தான் பூனை தின்கிறது. எலி உடலில் தங்கும் நஞ்சு பூனை உடலிலும் தங்குகிறது. ஊழியம் செய்ததற்குக் கிடைத்த பரிசு இது.

பயனுக்காகவே பிற உயிர்கள் படைக்கப்பட்டன என்னும் வாதம் புதியதும் அன்று. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர், தம் நிருபங்களுள் ஒன்றில் விலங்குகள் மனிதன்மீது வழக்குத் தொடுத்த கதையைக் கூறியுள்ளனர். ஜின்களின் அரசன் நீதி வழங்க அமர்ந்திருக்கிறான். இவை எங்கள் அடிமைகள், எங்களுக்கென்றே உண்டானவை என்பது மனிதர் தரப்பு. விலங்குகளும் பறவைகளும் தத்தம் பேச்சாளரை அனுப்பி அந்த உரிமையை ஒவ்வொன்றாக மறுக்கின்றன. கதைதான், எனினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அந்த வாதத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சி.

*

வழக்கில் நிற்பவர் யார் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுவது முறை.

காட்டுப்பூனையின் பழந்தமிழ்ப் பெயர் வெருகு. தொல்காப்பிய மரபியல், குட்டி என்னும் இளமைப் பெயருக்கு உரியவற்றைக் கூறுமிடத்தில் கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து எண்ணுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகைப் பாட்டொன்றில், மாலை வேளையில் வேலியருகே வெருகு வந்ததறிந்து, குறுங்கால் பேடைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி வருகிறது. புதூர் வீட்டு முற்றத்து வழக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று தெரிகிறது. அத்தனை காலமும் கோழியும் அழியவில்லை, வெருகும் அழியவில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

வீட்டுப்பூனையைவிட உயரம், நீண்ட கால்கள், மண்ணும் சாம்பலும் கலந்த நிறம், வாலின் நுனிப்பக்கம் கருவளையங்கள். வால் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் குட்டையாகத் தோன்றும். செவிகளின் நுனியில் சிறிய கறுப்புக் குஞ்சம் இருக்கும். இந்தக் குஞ்சத்தையும் குட்டை வாலையும் நெடுங்காலையும் கண்டுதான் ஐரோப்பிய விலங்கியலார் சிலர் இதனைச் சதுப்புநில லிங்க்ஸ் என்றும் அழைத்தனர். நீலநதிக் கரையிலிருந்து வியட்நாம் வரை பரவியுள்ள இனம். எகிப்தியர் தம் கல்லறைகளில் இதன் உடலையும் பதப்படுத்தி வைத்துள்ளனர். பெயரில் காடு இருப்பினும் இது அடர்காட்டுப் பிராணி அன்று. கண்மாய்க் கோரை, ஓடைக்கரைப் புதர், உடைமரக் கூட்டம், பனைவடலி, ஆளுயரம் வளர்ந்த சோளக்காடு, இவையே இதன் வீடு. கரிசல் உழவன் காடு என்று சொல்வது தன் விளைநிலத்தைத்தானே! அந்தப் பொருளில் இது மெய்யாகவே காட்டுப்பூனை.

லிங்க்ஸ் என்னும் பெயருக்கு உண்மையில் உரிய இனங்கள் உலகில் நான்கே. அவற்றுள் ஒன்று நம் நாட்டில் லடாக்கின் பனிமலைகளில் வாழ்கிறது. அந்தப் பெயரைத் தவறாகச் சுமந்த வேறொரு பூனை சமவெளியில் இருந்தது. ‘பாலைவன லிங்க்ஸ்’ என்று ஆங்கிலேயர் குறித்த அதனைத் துருக்கியர் கராகுலாக் என்றும், பாரசீகர் சியாகோஷ் என்றும் வழங்கினர். இரண்டுக்கும் கருஞ்செவி என்பதே பொருள். இன்றைய உலக வழக்கில் கேரக்கல் எனப்படுவது அதுவே. செந்நிற மேனியும், நீண்ட குஞ்சம் தொங்கும் கரிய செவியும் உடையது. தரையிலிருந்து எழும்பிப் பறக்கும் பறவையைக் காலால் அடித்து வீழ்த்தும் வல்லமை வாய்ந்தது. பயனுள்ளவரை வாழலாம் என்னும் தீர்ப்பு ஓர் உயிரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இந்திய வரலாற்றில் இல்லை என்பது நம் கருத்து.

தில்லியை 1351 முதல் 1388 வரை ஆண்ட சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக், சியாகோஷ்களைப் பேணுவதற்கெனத் தனி நிலையமே வைத்திருந்தார். அக்பரின் அவையிலும் அதற்கு நல்ல இடம் இருந்தது. அபுல் ஃபஸ்ல் தம் ஆயினே அக்பரியில், முன்பு முயலையும் நரியையும் பிடித்துவந்த இப்பிராணி இப்போது கருமானையும் வீழ்த்துகிறது என்று பெருமையோடு குறிக்கிறார். நாளொன்றுக்கு ஒரு சேர் இறைச்சி என்றும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்பாளர் என்றும் கணக்கு எழுதிவைத்துள்ளார். ஒரு வனப்பூனைக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

அரண்மனை அதன் இறைச்சியைச் சேர் கணக்கில் நிறுத்தது. அது வந்த நிலத்தை யாரும் அளக்கவில்லை. பிடித்து வந்த இடம் புதர்க்காடு. அதற்குக் கணக்கேடு கிடையாது, பராமரிப்பாளரும் கிடையாது. வேட்டை விளையாட்டு மறைந்தபோது சியாகோஷின் பயனும் மறைந்தது. புதர் நிலம் உழவுக்கும், ஊருக்கும், தொழிலுக்கும் போயிற்று. 1616 முதல் 2020 வரை இந்தியாவில் இப்பிராணி காணப்பட்ட பதிவுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தோர், ஒரு காலத்தில் 13 மாநிலங்களின் பரப்பில் இருந்தது 2001க்குப் பின் இராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்றில் மட்டுமே காணப்பட்டதென்றும், அங்கும் ரந்தம்போர், கச்சு ஆகிய இரு இடங்களில்தான் நிலைத்து வாழ வாய்ப்புள்ளதென்றும் 2020இல் எழுதினர். 1948க்கும் 2000க்கும் இடையே அது பரவியிருந்த பரப்பில், பின்னர் எஞ்சியது இருபதில் ஒரு பங்கினும் குறைவு. 2021இல் மத்திய அரசு அதனை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே அவையில் அதனோடு வாழ்ந்த வேட்டைச் சிறுத்தை, நாட்டிலிருந்தே அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கடன் வாங்க வேண்டியதாயிற்று.

சியாகோஷை எவரும் வெறுக்கவில்லை. யாரும் அதனை ஒழிக்கச் சபதம் எடுக்கவில்லை. பயன் முடிந்தது, கவனம் முடிந்தது, அவ்வளவே. நம் வெருகு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. உலக அளவில் அது அஞ்சத்தக்க நிலையில் இல்லை என்றே வகைப்படுத்தியுள்ளனர். அதனால்தான் அதைப்பற்றி இப்போதே பேச வேண்டும் என்கிறோம். நூற்றுக்குள் வந்த பிறகு பேசினால் ஆகும் செலவும் பாடும் எத்தகையன என்பதை அந்தலூஸியா காட்டியிருக்கிறது.

*

அந்தலூஸியா என்றவுடன் நம் வாசகர்களுக்குக் குர்துபாவின் பள்ளிவாசலும் கர்னாத்தாவின் அல்ஹம்ராவும் நினைவுக்கு வரும். குர்துபாவைத் தொட்டு ஓடும் வாதில் கபீர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் தொன்யானா என்னும் சதுப்பும் புதரும் உள்ளன. வடக்கே சியெர்ரா மொரேனா மலைத்தொடர். ஐபீரிய லிங்க்ஸ் என்னும் பூனையினம் 2002 அளவில் உலகத்தில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே, மொத்தம் நூற்றுக்கும் குறைவாக எஞ்சியிருந்தது.

அது குறைந்துபோனதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. 1952இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவ அறிஞர் அர்மான் தெலீல் என்பவர், தம் பண்ணையில் முயல் தொல்லை பொறுக்கமாட்டாமல், முயல்களைத் தாக்கும் நோய்க் கிருமியை இரண்டு முயல்களுக்கு ஏற்றி விட்டுவிட்டார். மதில் சூழ்ந்த பண்ணை. நோய் வெளியே போகாதென்று நம்பினார். போயிற்று. இரண்டு ஆண்டுகளில் பிரான்சின் காட்டு முயல்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மடிந்தன. பக்கத்து நாடான ஸ்பெயினுக்கு அடுத்த ஆண்டே நோய் வந்துவிட்டது. ஐபீரிய லிங்க்ஸின் உணவோ முக்கால் பங்குக்கும் மேல் முயல். பண்ணையாரை நீதிமன்றம் 1955இல் தண்டித்து ஐயாயிரம் பிராங்கு அபராதம் விதித்தது. மறு ஆண்டே உழவர், வனத்துறையினர் சார்பில் பதக்கமும் அளிக்கப்பட்டது. ஒரே செயலுக்குத் தண்டனையும் பதக்கமும்! தொல்லை என்றும் பயன் என்றும் மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படும்.

ஸ்பெயின் அரசு தன் பங்குக்கு 1953இல் தீங்கு செய்யும் விலங்குகளை ஒழிக்கும் குழுக்களை அமைத்து, கொன்று கொண்டுவந்தோருக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் லிங்க்ஸும் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே அரசு அதைக் காக்கச் சட்டம் இயற்றியது. எண்பதுகளின் இறுதியில் முயலுக்கு மற்றுமொரு கொள்ளைநோய் வந்தது.

மீட்பு வேலை இந்த நூற்றாண்டில் தொடங்கியது. தொன்யானாவின் வளர்ப்பு நிலையத்தில் 2005இல் முதற் குட்டிகள் பிறந்தன. ஆயினும் கூண்டில் பிறந்த குட்டிகளைவிட, வெளியே நடந்த வேலையே பெரிது. முயல் வளைகள் அமைத்து முயலைப் பெருக்கினர். சாலைக்கடியில் விலங்குகள் கடக்க வழி விட்டனர். பண்ணையாரையும் வேட்டைக்காரரையும் அழைத்துப் பேசி, அவர்தம் தனி நிலத்தில் லிங்க்ஸ் நடமாட உடன்படிக்கை செய்துகொண்டனர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலுமாக எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2024 ஜூனில் உலகப் பட்டியலில் அதன் நிலை ஒரு படி உயர்த்தப்பட்டது. சாலையில் அடிபட்டுச் சாவது மட்டும் இன்னும் தீரவில்லை. லிங்க்ஸால் முயல் தொல்லை தீருமென்றோ, வேறு இலாபம் வருமென்றோ கணக்குப் பார்த்து அந்த உழவர்கள் கையெழுத்திட்டிருந்தால், முதல் நஷ்டத்திலேயே கிழித்துப் போட்டிருப்பர். நிலத்தின் கதவைத் திறந்து வைப்பது என்ற ஒன்றுக்கே அவர்கள் உடன்பட்டனர்.

*

கதவு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல், தரையில் ஊர்வனவற்றைத் தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்மணி, அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்னும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழியை அறியாத முஸ்லிம் வீடு இராது. பிள்ளைகளுக்கு இரக்கம் கற்பிக்க நாம் அதனைச் சொல்வது வழக்கம். சற்று நின்று பார்த்தால், அதில் இரக்கத்தைவிடக் கண்டிப்பான ஒன்று இருப்பது புலப்படும். அப்பெண் பூனைக்கு உணவு கொடுக்கவில்லை என்பது மட்டும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. அவளுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: உணவளிப்பது ஒன்று, அவிழ்த்து விடுவது மற்றொன்று. இரண்டையும் அடைத்ததே குற்றம். பூனையால் அவளுக்கு என்ன பயன் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

திமிஷ்கில் பிறந்து, கெய்ரோவில் 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், கால்நடைகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளைத் தம் நூலில் பட்டியலிட்டார். கிழடு தட்டியோ நோயுற்றோ இனிப் பயன் தராது என்றாகிவிட்ட விலங்குக்கும் தீனி கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் நின்றால் கடமை நிற்கும் என்ற எண்ணத்தை அடியோடு மறுக்கும் சட்ட விதி இது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அவர் பேசியது வீட்டு விலங்குகளைப் பற்றி. அந்தப் பெண்ணும் பூனையைத் தன் பிடியில் வைத்திருந்தாள். பிடித்து வைத்தவனுக்கே கடமை. காட்டில் திரியும் பூனைக்கு நாம் என்ன கடன்பட்டோம்? அதற்கு உணவளிப்பவன் இறைவன், அல்லவா?

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மறுப்பு முழுமையான விடையாக இருந்திருக்கும். அன்று மனிதனின் நிலம் காட்டுக்குள் ஒரு தீவு. இன்று புதூரிலிருந்து கோவில்பட்டிவரை சென்று பாருங்கள். ஒவ்வோர் அங்குலத்துக்கும் சர்வே எண் உண்டு. பட்டா இல்லாத இடம் புறம்போக்கு. அதற்கும் ஓர் அலுவலகத்தில் பதிவேடு உண்டு. வெருகு எங்கே படுத்தாலும் யாரோ ஒருவருடைய சர்வே எண்ணில்தான் படுத்தாக வேண்டும். எங்கே கால் வைத்தாலும் நம் வேலி, நம் சாலை, நம் மருந்து. எல்லாப் பக்கமும் நம் உடைமையால் சூழப்பட்ட பிராணி நம் பிடியில் இல்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அது கயிறு கட்டாத சிறை. பிடித்தவனுக்கே கடமை என்ற விதியை நாம் ஏற்பதாயின், பிடித்தவர் நாமே என்பதையும் ஏற்க வேண்டியிருக்கிறது. இனி இரண்டு வழிகளே உண்டு. ஊரிலுள்ள வெருகுக்கெல்லாம் நாள்தோறும் நாலு எலி பிடித்துக் கொடுக்க நம்மால் ஆகாது; ஆகவே அவிழ்த்து விடும் வழி ஒன்றே நமக்கு மிஞ்சுகிறது.

*

அவிழ்ப்பது என்றால் என்ன? கரிசலில் கயிறு எங்கெங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

முதற் கயிறு ஒரு சொல்: தரிசு. புல்லும் உடையும் வளர்ந்த நிலத்தை நம் வருவாய்க் கணக்குகள் தரிசு என்கின்றன. 2000 முதல் மத்திய அரசு வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுதிகளிலும் புதர் நிலங்கள் இந்தத் தலைப்பில்தான் அடங்கும். யாருக்கும் பயன்படாத நிலம் என்று எழுதியாகிவிட்டால், அதைப் பயன்படுத்தப் புறப்படுகிறவர் புண்ணியவான் ஆகிவிடுகிறார். அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 2016இல் எழுந்தது. நம் வட்டாரத்திலும் காற்றாலைகளோடு சூரியத் தகடுகளும் பெருகி வருகின்றன. நாம் மின்சாரத்தை வெறுப்பவர்கள் அல்லோம். நிலக்கரிப் புகையைக் காட்டிலும் வெயில் நல்லதே. நமக்குள்ள குறை, அந்த நிலத்தைச் சுற்றிய கம்பி வேலிதான். நரியும் முயலும் வெருகும் தலைமுறை தலைமுறையாக நடந்த ஓடைத்தடம் வேலியில் முட்டி நிற்கிறது. வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் மின்சாரம் குறைந்துவிடப் போவதில்லை.

சீமைக்கருவேலம் மற்றொரு சிக்கல். அது நம் மண்ணுக்கு வந்தேறி. கண்மாயை அடைத்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அதை அகற்ற வேண்டும் என்பதே பொதுக்கருத்து. 2022இல் தமிழக அரசும் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. மறுபுறம், கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கு மிகுதி. உடைமரமும் பிற புதர்களும் குறைந்துபோன ஊர்களில் வெருகு குட்டி போட இடம் கொடுத்திருப்பதும் அந்தச் சீமைக்கருவேலந்தான்! எனவே, பொக்லைனைக் கொண்டு ஒரே வாரத்தில் கண்மாய்க்கரை முழுவதையும் மொட்டையடிப்பதை நாம் ஒப்பவில்லை. ஓடைக்கரையில் உள்ளூர் மரம் எழும்வரை பகுதி பகுதியாக அகற்றுவதே அறிவுடைமை.

உழவர்களின் குறையை மறைத்துவிட்டு இந்த வழக்கைப் பேசுவது நேர்மையன்று. மக்காச்சோளம் பரவிய பின்னர் புதூர், விளாத்திகுளம் பகுதியில் காட்டுப்பன்றி செய்யும் அழிவு சிறிதன்று. ஓரிரவில் ஒரு பருவத்து உழைப்புப் போய்விடுகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவு செய்தது. அதை நாம் குறை கூறவில்லை. கடன் வாங்கி விதைத்தவனிடம் போய், பொறுத்துக்கொள் என்று சொல்ல நகரத்தில் அமர்ந்திருப்பவருக்கு உரிமை இல்லை. ஆனால் பன்றிக்கென்று திருட்டுத்தனமாகப் போடும் மின்கம்பி பன்றியைத் தேர்ந்து கொல்வதில்லை. இரவில் நீர் பாய்ச்சப் போன மனிதரையும் கொல்கிறது. பன்றியின் குற்றத்துக்கு வெருகு சாவது எந்த நீதியிலும் சேராது.

கோழியின் வழக்குக்கு வருவோம். காட்டுப்பூனையைக் கொல்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். பலகை பெயர்ந்த கோழிக்கூட்டைச் செப்பனிட்டு, கம்பிவலை அடித்து, மக்ரிபுக்கு முன் அடைத்துவிட்டால் இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். கம்பிவலைக்கு ஆகும் செலவை அந்தப் பெண்ணின் முட்டைக் காசின்மேல் சுமத்தாமல் வீட்டு ஆடவர் ஏற்பதே நியாயம். கண்ணிக்கும் மருந்துக்கும் கொடுக்கக் காசு இருந்ததல்லவா?

அறுவடைக் காலத்தில் நிகழும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சோளத்தட்டையும் கரும்பையும் வெட்டும்போது வெருகின் குட்டிகள் கிடைப்பதுண்டு. தாய் இரை தேடப் போயிருக்கும். பார்த்தவர்கள் சிறுத்தைக் குட்டி என்று அஞ்சுவர்; அல்லது அழகில் மயங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, பாட்டிலில் பசும்பால் புகட்டி, கூடையில் மூடி வைப்பர். அன்பினால் செய்வதுதான். மூன்றாம் நாளில் குட்டி இறந்துவிடும். பிழைத்தாலும் இரை பிடிக்கக் கற்றுக்கொடுக்க தாயில்லாமல் போய்விடும். அன்பினால் அடைத்தாலும் அடைத்தது அடைத்ததே. கண்ட இடத்திலேயே வைத்துவிட்டு, அந்த மூலையை மட்டும் ஒரு நாள் வெட்டாமல் விட்டு விலகி வந்தால், இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும். கூலியாட்களுக்கு இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு.

மதீனாவைச் சூழ்ந்த நிலத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கு மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் விலக்கினார்கள். அவ்வளவு பெரிய நிலம் நம்மிடம் இல்லை. நம் ஜமாஅத்துகளின் கையில் இருப்பது மையவாடி. கரிசல் ஊர்களில் பலவற்றில், உழவும் வீடும் நெருங்காமல் உடையும் சங்கஞ்செடியும் வளர்ந்து நிற்கும் கடைசித் துண்டு நிலம் அதுவாகவே இருக்கும். ஆண்டுக்கொரு முறை அதனைத் துப்புரவு செய்வது நல்ல வழக்கம். கபுறுகளுக்குச் செல்லும் பாதையும் கபுறுகளைச் சுற்றிய இடமும் தூய்மையாக இருக்க வேண்டியவையே. சுற்றுச்சுவரும் வேண்டியதே, நாயும் நரியும் மண்ணைத் தோண்டாதிருக்க அது அவசியம். வெருகுக்குச் சுவர் ஒரு தடையன்று, ஏறிக் குதித்துவிடும். அதற்கு வேண்டியது பின்சுவரை ஒட்டிய அந்தப் புதர். இவ்வாண்டு துப்புரவுக்கு ஆள் பேசும்போது, கபுறு இல்லாத அந்தப் பத்தடி அகல விளிம்பை மட்டும் விட்டுவிடும்படி நிர்வாகிகள் சொல்லலாம். வெட்டுக்கூலியும் அந்த அளவுக்குக் குறையும்.